அஓரிதா ஊரிலிருந்து

கெரேத்தாரோ, மெக்சிகோ

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. "உடனே பதில் போடுறேன்" என்று போனில் சொன்னவன் நான்தான். இந்த ஊர்க் காற்று பட்டுவிட்டது என்று வைத்துக்கொள். இங்கே எதைக் கேட்டாலும் "அஓரிதா" என்பார்கள். 'அஓரா' என்றால் இப்போது, அதைச் செல்லமாக்கினால் அஓரிதா. நம் "இதோ வந்துட்டேன்" மாதிரிதான். இந்த நிமிடமாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம், வராமலும் போகலாம்.

வீட்டுக் கதவு உரசுகிறது என்று தச்சர் ஒருவரிடம் சொன்னேன். "மஞ்ஞானா, சின் ஃபால்தா" என்றார். நாளைக்கு, தவறாமல். பத்து நாள் கழித்து சிரித்த முகத்தோடு வந்தார், மனுஷர் மேல் கோபப்படவும் முடியவில்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல இங்கே பலருக்கும் நா எழாது. அதனால் பாதி 'சரி'கள் வாக்கு இல்லை, உபசாரம்.

நிஜமாகவே சொல்கிறார்கள் என்றால் சொல் மாறிவிடும். "தே லோ ஹூரோ", அதாவது சத்தியமாகச் சொல்கிறேன். அதற்கும் நம்பாவிட்டால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குறுக்கே வைத்துச் சிலுவையாக்கி, அதை முத்தமிட்டு "போர் எஸ்தா" என்பார்கள். இதன்மேல் ஆணை. நம்மூரில் கற்பூரம் அணைக்கிற கதைதான்.

போன மாதம் ஒரு பிறந்தநாள் விருந்து. (பிறந்தநாளுக்கு இவர்கள் சொல் கும்ப்ளெயான்யோஸ். வயதை நிறைவு செய்வதும் வாக்கை நிறைவேற்றுவதும் ஒரே வினை, கும்ப்ளீர்.) எங்கள் ஷிஃப்டில் ஒரு பெரியவர், பீர் என்றால் முதல் ஆளாக நிற்பவர். அன்றைக்கு யாரோ நீட்டியதும் கிளாஸைக் கையால் மூடி, "எஸ்தோய் ஹுராதோ" என்றார். நான் சத்தியம் செய்தவன். நீட்டியவர் ஒரு வார்த்தை பேசவில்லை, செம்பருத்திச் சாறு கொண்டுவந்து வைத்தார். நம்மூரில் "மாலை போட்டிருக்கேன்" என்றதும் எல்லாரும் ஒதுங்குவோமே, அதே ஒதுக்கம்.

பர்ஸிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்துக் காட்டினார். குவாதலூப்பே மாதா படம், அவர் பெயர், டிசம்பர் 12 வரை என்று தேதி. அன்றுதான் மாதாவின் திருவிழா. பாதிரியார் முன்னால் மாதாவுக்குச் சத்தியம் செய்துவிட்டு வாங்கிவருவதாம்.

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அப்புறம் மறுபடி போய் இன்னொரு அட்டை வாங்கணும். வாழ்நாள் முழுக்கன்னு சொன்னா நானே என்னை நம்ப மாட்டேன்" என்றார்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது, சத்தியத்துக்கும் காலாவதித் தேதியா என்று. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, "இனி தொடவே மாட்டேன்" என்று நாம் ஹாஸ்டல் மொட்டைமாடியில் எத்தனை தடவை அடித்துச் சொல்லியிருப்போம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு உனக்கும் தெரியும்.

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? படி ஏற விடாதே.

நான் டிசம்பர் 20 சென்னையில் இறங்குகிறேன். அஓரிதா இல்லை, டிக்கெட் போட்டாச்சு.

கதவு இன்னும் லேசாக உரசுகிறது.

உன் பழைய ரூம்மேட்