கிணற்றடி மூங்கில்

அன்பின் நண்பா,

நாங்கள் நலம். அங்கு எல்லோரும் சுகம்தானே?

கோண்டாவிலில் உன் வளவைப் போய்ப் பார்த்தேன். வீட்டில் சில ஓடுகள் மாற்ற வேண்டும், அதை மாரிக்கு முன் செய்துவிடலாம். கிணற்றடி மூங்கில்தான் பெரிய கதை. இளந்தண்டுகளில் பஞ்சு ஒட்டினமாதிரி வெள்ளையாய் அழுக்கணவன் (அசுவினி) பூச்சி. கீழ் இலைகள் கறுத்துப் பிசுபிசுக்கின்றன. மருந்து அடி, இல்லையென்றால் அடியோடு தறி என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணை. எனக்கு இரண்டிலும் துளியும் விருப்பமில்லை.

அழுக்கணவன் தண்டில் ஊசி வாயைச் செருகிச் சாறு குடிக்கும். மிஞ்சும் இனிப்பு நீர் பின்பக்கத்தால் சொட்டும். அது விழுந்த இலையில் பூஞ்சணம் படர்ந்துதான் அந்தக் கறுப்பு. வெள்ளை, அவையே சுரக்கும் மெழுகு.

இதற்காகவே கொஞ்சம் தேடி வாசித்தேன். மூங்கிலில் கூட்டமாக வாழும் சூடோரெக்மா பம்பூசிகோலா என்று ஓர் இனம் இருக்கிறது. தாய்வானிலும் தென் யப்பானிலும் அதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் கூட்டத்தில் காவல்படையே உண்டு! பிறக்கும் குஞ்சுகளில் ஒரு பகுதி தோல் கழற்றாது, வளராது, குட்டியும் போடாது. முன்கால்கள் தடித்திருக்கும், தலையில் இரண்டு கூர்க்கொம்புகள். கூட்டத்தைத் தின்ன வரும் புழுவைக் கட்டிப்பிடித்துக் கொம்பால் குத்தும். மூங்கிலில் தாய்கள் ஆண் துணையின்றியே ஈனுவதால், அந்தக் காவல்காரி காப்பது பெரும்பாலும் தன் உடன்பிறந்தவர்களை. 1977இல் ஷிகேயுகி அவோகி என்ற யப்பானியர் வேறோர் அழுக்கணவன் இனத்தில் இப்படிப்பட்ட வீரர்களைப் பற்றி எழுதினார். எறும்பிலும் கறையானிலும் உள்ள ஏற்பாடு இந்த மெல்லிய உயிரிலும் இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

பூதக்கண்ணாடியோடு போய் உன் மூங்கிலையும் பார்த்தேன். மெழுகுக்குள் தலையைப் புதைத்தபடி ஒரு பொறிவண்டுப் புழு, ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு நகர்ந்தது. மருந்து அடித்தால் முதலில் சாவது இதுதான். அப்புறம் அழுக்கணவன் திரும்பப் பெருகும், தடுக்க ஆளிருக்காது.

அதனால் என் யோசனை இது: மோசமாய்ப் பிடித்த தண்டுகளை மட்டும் வெட்டி, காற்றுப் போக இடம் விட்டு, மற்றவற்றுக்குப் பம்பியால் தண்ணீரை விசிறி அடிக்கலாம். முற்றின மூங்கில் இதற்கெல்லாம் லேசில் சாகாது. சரி என்றால் சனிக்கிழமையே தொடங்குகிறேன். உன் அப்பு நட்டது, தறிக்கச் சொல்லி மட்டும் எழுதாதே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்