அப்பா தூக்குன சூட்கேஸ், நான் தூக்குற லேப்டாப்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல லேப்டாப்ப வச்சுக்கிட்டு ஊர் ஊரா தங்கி வேலை பாக்குற பிள்ளைகளப் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, பாலி, தாய்லாந்துன்னு கலர் போட்டோல்லாம் போட்டிருந்தீங்க. ரெண்டு நாள் கழிச்சு ஒரு வாசகர் பதில் எழுதியிருந்தாரு, இதெல்லாம் பொறுப்ப தட்டிக்கழிக்கிறவங்க பண்றது, குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆகாதுன்னு. ரெண்டையும் படிச்சதுலருந்து மனசு கேக்கல, அதான் எழுதுறேன். நீளமா இருந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

எனக்கு சொந்த ஊர் சிவகாசி. அப்பா காலண்டர் ஆர்டர் எடுக்கிற ஏஜென்ட். எங்க ஊர்ல ஆடிப்பெருக்கு அன்னைக்கு பூஜை போட்டு அடுத்த வருஷ காலண்டர் ஆல்பத்த வெளியிடுவாங்க, ஆல்பம் கைக்கு வந்ததும் அப்பா கிளம்பிருவாரு. விஜயவாடா, நாக்பூர், ராய்ப்பூர்னு கடை கடையா ஏறி இறங்கிட்டு தீபாவளிக்கு வந்தா உண்டு, மறுபடி டெலிவரி பாக்கணும்னு போயிருவாரு. பழுப்பு கலர் சூட்கேஸ் ஒண்ணு, அடியில ஆல்பம், மேல நாலு சட்டை, ஓரத்துல துணி சுத்தி ஒரு ஊறுகா பாட்டில். அவர் திரும்பி வந்ததும் நானும் அண்ணனும் அந்த சூட்கேஸ திறந்து மோந்து பாப்போம், அச்சு மை வாசமும் ரயில் வாசமும் சேந்து அடிக்கும். எட்டாங்கிளாஸ் படிச்ச மனுஷன், இந்தியும் தெலுங்கும் சரளமா பேசுவாரு. முப்பது வருஷம் இப்படி போனாரு, ஒருத்தர் கூட அவர ஊர் சுத்துறவர்னோ பொறுப்பில்லாதவர்னோ சொன்னதில்ல, வியாபாரத்துக்கு போயிருக்காருன்னுதான் சொன்னாங்க.

எனக்கு இப்ப 37 வயசு, கல்யாணம் ஆகல. ஆஸ்திரேலியாவுல இருக்கிற சின்ன கடைக்காரங்க, பிளம்பருங்க, தச்சு வேலை பாக்குறவங்க, இவங்களுக்கு கணக்கு எழுதுறது என் வேலை. பில்லு, ஆளுங்க சம்பளம், மூணு மாசத்துக்கு ஒருக்கா அங்க கட்டவேண்டிய ஜிஎஸ்டி எல்லாம் இங்கருந்தே முடிப்போம். 2020 லாக்டவுன் வரைக்கும் சென்னை ஆபீஸ்ல இருந்தேன். அந்த வருஷம் நவம்பர்ல மத்திய தொலைத்தொடர்புத் துறை இந்த மாதிரி பிபிஓ வேலைகளுக்கான விதிகள தளர்த்தி, ஆளுங்க வீட்டுலருந்தோ வேற எங்கருந்தோ வேலை பாக்கலாம்னு ஆக்குனாங்க, எங்க கம்பெனியும் ஆபீஸ பாதியா குறைச்சுட்டு எங்கள ஊர்லயே விட்டுருச்சு. அம்மாவுக்கு அப்ப வாரத்துக்கு ரெண்டு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து மடியில லேப்டாப்ப வச்சு கணக்கு முடிச்சிருக்கேன். பொறுப்பு பத்தி எழுதுன அந்த வாசகர் ஐயாவுக்கு இதத்தான் சொல்லணும்னு நினைக்கிறேன், எந்த இடத்துலருந்தும் வேலை பாக்கலாம்னு இருந்ததாலதான் எங்கம்மாவோட கடைசி ரெண்டு வருஷம் நான் பக்கத்துல இருந்தேன். சென்னையிலயே இருந்திருந்தா மாசம் ஒரு தடவ பஸ் ஏறி வந்து பாத்துட்டு போயிருப்பேன்.

அம்மா 2022ல தவறிட்டாங்க. அண்ணனும் மதினியும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க, அவங்கள ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனா காலையில எந்திரிச்சா எதுக்கு எந்திரிச்சோம்னு இருக்கும். ஒரு வருஷம் அப்படியே போச்சு. 2023 ஜூலைல குத்தாலத்துல சீசன்னு சொன்னாங்க, ஒரு வாரம் போய்ட்டு வர்றேன்னு மட்டும் வீட்ல சொல்லிட்டு செங்கோட்டையில ஒரு ரூம் எடுத்தேன். தனியா ஒரு ஊர்ல தங்குறது வாழ்க்கையிலயே அதான் மொத தடவ.

மொத நாள் ஒரு மெஸ்ஸுக்கு சாப்பிட போனேன். பரிமாறுற அண்ணன் என்ன வேணும்மான்னாரு. எதுனாலும் பரவால்லண்ணேன்னேன். அவர் போகல, துண்ட தோள்ல போட்டுக்கிட்டு நின்னு, எதுனாலும்னு ஒண்ணு இங்க இல்லம்மா, ஒங்களுக்கு என்ன பிடிக்கும்னு சொல்லுங்கன்னாரு. அவர் சாதாரணமாத்தான் கேட்டாரு, எனக்கு பதில் வரல. அப்பாவுக்கு என்ன பிடிக்கும் தெரியும், அம்மாவுக்கு உப்பில்லாம என்ன செஞ்சா இறங்கும்னு தெரியும், அண்ணன் பிள்ளைகளுக்கு தெரியும். எனக்கு என்ன பிடிக்கும்னு முப்பத்தஞ்சு வயசு வரைக்கும் நான் யோசிச்சதே இல்லன்னு அந்த பெஞ்சுல உக்காந்தப்பதான் தெரிஞ்சுது. கண்ணுல தண்ணி வந்துருச்சு. கடைசில ரவா தோசை சொன்னேன். ஊர் ஊரா போனா தன்னத்தானே தெரிஞ்சுக்கலாம்னு சொல்றாங்களே, எனக்கு அது மலை உச்சியிலயோ கடற்கரையிலயோ நடக்கல, செங்கோட்டை மெஸ்ல அந்த அண்ணன் துண்டோட நின்ன ரெண்டு நிமிஷத்துல நடந்துச்சு.

என் வேலை நேரம் இதுக்கு ரொம்ப தோது. சிட்னில காலை ஒம்பது மணின்னா நமக்கு விடிகாலை நாலரை, அக்டோபர் மொத ஞாயிறு அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுனதும் மூணரை ஆயிரும். கஷ்டம்தான், ராத்திரி எட்டரைக்கே படுக்கணும். ஆனா மதியம் பன்னெண்டரைக்கு மேல முழு நாளும் எனக்கு. அந்த வாரத்துல ரெண்டு தடவ மதியம் ரயில்ல ஏறி கேரளாவுல இருக்கிற புனலூர் வரைக்கும் போனேன், 49 கிலோமீட்டர் மலைப்பாதை. 1904ல போட்ட லைன், அகலப்பாதையா மாத்தணும்னு 2010ல நிறுத்தி 2018லதான் முழுசா திறந்தாங்க. பதிமூணு கண் பாலம் அந்தப் பக்கம்தான் இருக்கு. ஆரியங்காவுக்கு முன்னாடி ஒரு நீளமான குகை வரும், உள்ள நுழைஞ்சதும் பெட்டியில இருந்த சின்னப் பிள்ளைக எல்லாம் ஓன்னு கத்துச்சுங்க. இருட்டுல யாருக்கும் தெரியாதேன்னு நானும் கத்துனேன். கத்தி முடிச்சப்பதான், அம்மா போனப்பகூட நான் வாய்விட்டு அழுகலன்னு ஞாபகம் வந்துச்சு.

அதுக்கப்புறம் நிறுத்தல. வருஷத்துல நாலஞ்சு மாசம் வெளியூர், மிச்சம் சிவகாசி. தஞ்சாவூர், காரைக்குடி, ராமேஸ்வரம் எல்லாம் தங்கியாச்சு, ஆனா தரங்கம்பாடிய பத்தி மட்டும் சொல்லிடுறேன். 2024 தை மாசம் ஒரு பாட்டி வீட்டு மாடியில ஒரு மாசம் இருந்தேன். விடிகாலை மூணரைக்கு லைட்ட போட்டா மூணாவது நாள்லருந்து பாட்டி சுக்கு காப்பி கொண்டுவந்து வச்சுட்டாங்க. இந்நேரத்துக்கு யாருக்கும்மா கணக்கு எழுதுறன்னு கேட்டாங்க, சிட்னில ஒரு பிளம்பருக்கு பாட்டின்னேன். பாவம் அவருக்கும் யாராச்சும் எழுதணும்ல, நீ எழுதுன்னுட்டு இறங்கிப் போனாங்க. சாயங்காலம் டேனிஷ் கோட்டை பக்கம் நடப்பேன், 1620ல கட்டுனது. ஜெர்மனி பாதிரியார் சீகன்பால்கு 1706ல இதே ஊர்லதான் வந்து இறங்குனாரு, திண்ணைப் பள்ளிக்கூடத்துல சின்னப் பிள்ளைகளோட உக்காந்து மணல்ல விரலால எழுதி தமிழ் கத்துக்கிட்டாரு, பத்து வருஷத்துக்குள்ள தமிழ்ல புதிய ஏற்பாட்ட அச்சடிச்சே குடுத்துட்டாரு. அத கேட்டதுலருந்து எனக்கு ஒரு தைரியம். சைக்கிள் ஓட்டத் தெரியாது எனக்கு, வீட்ல பொண்ணுக்கு வேண்டாம்னு கத்துக்குடுக்கல. பாட்டி பேரனும் அவன் கூட்டாளிகளும் கிங் ஸ்ட்ரீட்ல பின்னாடி சீட்ட பிடிச்சுக்கிட்டே ஓடி வந்து பத்து நாள்ல கத்துக்குடுத்துட்டானுங்க. முழங்கையில இன்னும் தழும்பு இருக்கு. பிடிய விட்டுட்டேன் அக்கான்னு அவன் பின்னாடி தூரத்துலருந்து கத்துனது காதுலயே நிக்குது.

கஷ்டமும் சொல்லணும். ஒரு ஊர்ல ராத்திரி ஒம்பது மணிக்கு பைய தூக்கிக்கிட்டு மூணு லாட்ஜ் ஏறி இறங்குனேன், மூணுலயும் தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் தர்றதில்லன்னுட்டாங்க. ஆதார் காட்டுறேன், கம்பெனி ஐடி காட்டுறேன், கேக்கவே இல்ல. ஒரு இடத்துல, துணைக்கு யாராச்சும் ஆம்பள இருந்தா வாங்கன்னாங்க. அன்னைக்கு பஸ் ஸ்டாண்ட்ல உக்காந்து விடிய வச்சேன், நாலரைக்கு அங்கயே போன் ஹாட்ஸ்பாட்ட போட்டு வேலையும் ஆரம்பிச்சேன். அப்பா இதே மாதிரி ராத்திரி எத்தன ஊர்ல போய் இறங்கியிருப்பாரு, ஒரு லாட்ஜ்லயாச்சும் கூட யாரு வந்திருக்கான்னு அவர கேட்டிருப்பாங்களா?

அதனாலதான் ஆசிரியர் ஐயா, உங்க கட்டுரையில பாலியும் தாய்லாந்தும் மட்டும் இருந்தது எனக்கு வருத்தம். தாய்லாந்துல 2024ல கொண்டுவந்த அஞ்சு வருஷ விசாவுக்கு 5 லட்சம் பாத் கையிருப்பு காட்டணும், நம்ம காசுல பத்து லட்சத்துக்கு மேல. என்ன மாதிரி மாசச் சம்பளக்காரிக்கு அது ஆகாது. ஆனா நம்ம கவர்மெண்டே நல்ல வேலை ரெண்டு பண்ணியிருக்கு. தோழி விடுதி, வேலை பாக்குற பொம்பளைங்களுக்கு காவலோட, வைஃபையோட நல்லா வச்சிருக்காங்க. இன்னொண்ணு 2024 நவம்பர்ல சென்னை கொளத்தூர்ல திறந்த முதல்வர் படைப்பகம், அரை நாளைக்கு 50 ரூபா, முழு நாளைக்கு 100 ரூபா குடுத்தா மேஜை, நாற்காலி, நெட்டோட உக்காந்து வேலை பாக்கலாம். இந்த ரெண்டையும் சின்ன ஊர்களுக்கு கொண்டுவரணும். தென்காசிக்கு, ராமேஸ்வரத்துக்கு, மயிலாடுதுறைக்கு. பெரிய கட்டடம் வேண்டாம், பஸ் ஸ்டாண்ட் மாடியில பத்து மேஜை, உள்பக்கம் தாழ்ப்பாள் போடுற நாலு ரூம், கரண்ட் போனா யுபிஎஸ். அத பத்தி நீங்க எழுதணும், அதிகாரிங்க கிட்ட கேக்கணும். வீட்டுக்குள்ளயே உக்காந்து வேலை பாக்குற எத்தனையோ பொண்ணுங்க எங்க தெருவுலயே இருக்காங்க, ஒரு பூட்டுற ரூம் உறுதியா கிடைக்கும்னா மாசத்துல ஒரு வாரமாச்சும் கிளம்புவாங்க.

அடுத்த மாசம் நாக்பூர் போறேன், டிக்கெட் போட்டாச்சு, இருபது நாள். அப்பாவுக்கு இப்ப 74, வெளிய நடமாட்டம் இல்ல. விஷயத்த சொன்னதும் போன வருஷ காலண்டர் அட்டைய கேட்டு வாங்கி, பின்பக்கத்துல தான் ஆர்டர் எடுத்த கடைகளோட பேர ஞாபகத்துலருந்து எழுதிக்கிட்டு இருக்காரு. நேத்து வரைக்கும் பதினாலு கடை வந்திருக்கு. ஒவ்வொண்ணுலயும் போய் இப்ப எந்த ஊர் காலண்டர் தொங்குதுன்னு பாத்துட்டு வரச் சொல்லியிருக்காரு.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிவகாசி.