பை இல்லாத சுடிதாருக்கு எந்த கேமரா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

26 வயதுப் பெண்ணை ஊரறியப் பாப்பா என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. நீ வாட்ஸப்பில் கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்ல உட்கார்ந்தேன். கட்டைவிரல் வலித்ததுதான் மிச்சம். அதனால் இங்கே.

போனஸோடு கொஞ்சம் கடனும் சேர்த்து லைக்கா எம்6 வாங்குவதா, ரிக்கோ ஜிஆர்1 மாதிரி கையடக்கமான சின்ன ஃபிலிம் கேமரா (காம்பாக்ட்) ஒன்றோடு நின்றுகொள்வதா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "நீங்க எம்6 வெச்சிருக்கீங்க சித்தி, அதைத்தான் சொல்லப் போறீங்க" என்று ஒரு குத்தல் வேறு.

என் எம்6 செகண்ட் ஹேண்ட். அந்தக் காசுக்கு எத்தனை பவுன் வந்திருக்கும் என்று உன் அம்மா அன்று போட்ட கணக்கை, தங்கம் ஏறும்போதெல்லாம் திரும்பப் போட்டுக் காட்டுகிறாள். ஆனாலும் அதை விற்க எனக்கு மனசு வந்ததில்லை. ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

உன் எஸ்எல்ஆர் கேமராவில் நீ பார்ப்பது லென்ஸ் வழியே வரும் காட்சி. எம்6 ரேஞ்ச்ஃபைண்டர் வகை. அதில் உன் கண்ணுக்கும் லென்ஸுக்கும் சம்பந்தமே கிடையாது. மேலே தனியாக ஒரு ஜன்னல், அதிலிருந்து 69.25 மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு குட்டி ஜன்னல். நம் இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தைக் கணிப்பது போலத்தான். நடுவில் இருக்கும் சின்னக் கட்டத்தில் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காரும். உட்கார்ந்ததும் ஃபோகஸ் சரி. எஸ்எல்ஆரில் காட்சி மங்கிப்போகிற இருட்டிலும் இந்த ஜன்னல் வெளிச்சமாகவே இருக்கும். உள்ளே கண்ணாடி எழும்பி விழுகிற வேலை இல்லாததால் அதிர்வும் குறைவு. இரவு ரயிலில் எதிர் பெர்த்தில் தூங்குகிறவர்களை 1/15 நொடியில் கையில் பிடித்தே எடுத்திருக்கிறேன். அப்புறம், படத்தின் எல்லையைக் காட்டும் வெள்ளைக் கோடுகளுக்கு வெளியிலும் உலகம் தெரியும். சைக்கிள்காரர் படத்துக்குள் நுழையப்போவதை நுழைவதற்கு முன்பே பார்த்துவிடலாம். இந்தச் சுகம் எந்தக் காம்பாக்டிலும் கிடையாது.

சரி, இப்போது ஒரு உண்மையைச் சொல்கிறேன். உன் காதுகுத்துக்கு ஏன் ஒரு படம்கூட இல்லை என்று கேட்டுக்கொண்டே இருப்பாயே. ஸ்டூடியோவில் ரோலைக் கழுவும்போது கெடுத்துவிட்டார்கள் என்று இத்தனை வருஷம் சொல்லிவந்தேன். பாவம் அவர்கள். அன்று நான் லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. ஜன்னல் வழியே எல்லாம் பளிச்சென்று தெரிந்தது: தாய்மாமன் மடி, மொட்டைத் தலையில் சந்தனம், உன் அலறல். மூடி போட்டிருப்பதை, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் அம்பு காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் உள்ளே இருந்த இரண்டு பட்டன் செல்லும் தீர்ந்துபோயிருந்தன. எம்6இல் செல் மீட்டருக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க இயந்திரம், செல் இல்லாமலே ஓடும். வெளிச்சத்தைக் கண்ணாலேயே கணித்துவிடுவேன் என்ற திமிரில் 36 படமும் கறுப்பாக எடுத்தேன். உன் அம்மா இதைப் படித்தால் படிக்கட்டும்.

இனி உன் விஷயம். போன வாரம் நீ அனுப்பிய ஸ்கேன்களை உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு வருஷம், 14 ரோல். நீயே பிடித்தவை என்று குறித்து வைத்தது 40. அதில் 27 படங்கள் கை நீட்டினால் தொடும் தூரத்தில் எடுத்தவை. அம்மாச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் விரல், லேடீஸ் பெட்டியில் பக்கத்து சீட்டுக்காரரின் தூக்குச்சட்டி, அலுவலகத் தோழி கண்ணாடியைத் துடைக்கும் கை. தெரு மிகக் குறைவு, தூரம் அதைவிடக் குறைவு. லைக்கா எம் லென்ஸ்களில் பெரும்பாலானவை 70 சென்டிமீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. உனக்கு வேண்டிய உலகமே அந்த 70 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கிறது, பாப்பா. நீ மூக்குக்கண்ணாடி போடுகிறவள் வேறு. எம்6இன் வழக்கமான வியூஃபைண்டர் ஜன்னலில் 28 எம்எம் லென்ஸுக்கான எல்லைக் கோடுகளைக் கண்ணாடியோடு முழுசாகப் பார்ப்பதே கஷ்டம்.

நீ தலையில் வைத்துக் கொண்டாடும் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் லைக்காதானே வைத்திருந்தார் என்பாய். ஆமாம். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தாரே, அப்போதும் லைக்காதான். ஆனால் அன்று எம் வரிசையே பிறக்கவில்லை. எம்3 வந்தது 1954இல். அதற்கும் முன்னால் போய்ப் பார்: கனமான கண்ணாடித் தட்டு கேமராவைத் தூக்க மாட்டாமல் ஆஸ்கர் பார்னாக் என்ற மெக்கானிக் செய்த குட்டிப் பெட்டிதான் 1925இல் விற்பனைக்கு வந்த முதல் லைக்கா. அன்றைய காம்பாக்டே அதுதான். இன்று என் எம்6, லென்ஸோடு சேர்த்தால் முக்கால் கிலோவுக்கு மேல். தோளில் தொங்கவிட்டால் கல்யாண வீட்டில் என்னைக் கேமராக்காரம்மா என்று கூப்பிடுகிறார்கள்.

காம்பாக்டை ஆங்கிலத்தில் பாக்கெட் கேமரா என்கிறார்கள். யாருடைய பாக்கெட்? நம் சுடிதார் தைக்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. நமக்குக் கணக்கு கைப்பையின் முன் ஜிப். ஜிஆர்1 அதில் தாராளமாகப் போகும். 1996இல் வந்தது, மெக்னீசியம் உடம்பு, 200 கிராமுக்குள் எடை, அருமையான 28 எம்எம் லென்ஸ். ஸ்நாப் என்று ஒரு முறை உண்டு. ஃபோகஸைத் தேடாமல் 2 மீட்டரில் நிறுத்திவைத்து, அழுத்தியதும் எடுத்துவிடும். ஜப்பானில் புகைப்படக்காரர் தைதோ மோரியாமா இந்த ஜிஆர் வகையறாவைத்தான் தெருத்தெருவாகக் கொண்டுபோனார். நீ மயங்கியதில் தப்பில்லை.

ஆனால் அதன் மேலே இருக்கும் எழுத்துத் திரை செத்துப்போவது ஊரறிந்த வியாதி. உள்ளே இருக்கும் சர்க்யூட் போனால் மாற்றுச் சர்க்யூட் எங்கேயும் செய்வதில்லை. செத்த இன்னொரு கேமராவைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். நீ லிங்க் அனுப்பிய கான்டாக்ஸ் டி2வுக்கும் இதே கதை. 1990இல் வந்த கேமரா, டைட்டானியம் உடம்பு, ஸைஸ் (Zeiss) லென்ஸ். பிரபலங்களின் கழுத்தில் தொங்க ஆரம்பித்ததும் விலை எங்கேயோ போய்விட்டது. அதைச் செய்த கியோசெரா 2005இலேயே கான்டாக்ஸுக்கு முழுக்குப் போட்டுவிட்டது. அந்த விலை கொடுத்து வாரிசு இல்லாத பொருளை வாங்காதே. எம்6 அப்படியில்லை. நல்ல மெக்கானிக் கிடைத்தால் உன் பேத்தி காலத்துக்கும் ஷட்டர் ஓடும். அம்மாவிடம் பவுன் கணக்கு வரும்போது நான் சொல்லும் ஒரே நியாயம் இதுதான்.

என் ஆசைக்கு விட்டால் உனக்கு ஒலிம்பஸ் எக்ஸ்ஏ வாங்கித் தந்திருப்பேன். 1979இல் யோஷிஹிசா மைதானி வடிவமைத்தது. சோப்புப் பெட்டி அளவில் நிஜமான ரேஞ்ச்ஃபைண்டர். மூடியே கிடையாது, உடம்பையே இழுத்து மூடினால் போதும். என்னைப் போன்ற ஆட்களுக்காகவே யோசித்திருக்கிறார் மனுஷர்! எம்6 போடும் அதே மாதிரி இரண்டு பட்டன் செல்தான், ஆனால் இதில் அவை இல்லாமல் ஷட்டர் அசையாது. கிட்டத்தில் 85 சென்டிமீட்டர். அம்மாச்சியின் விரல் இங்கேயும் கிடைக்காது. போகட்டும்.

அதனால் நான் சொல்வது நீ கேட்ட இரண்டும் இல்லை. 2024இல் பென்டாக்ஸ் 17 என்று புதிதாக ஒரு ஃபிலிம் கேமரா வந்தது. பென்டாக்ஸ் 2011 முதல் ரிக்கோவிடம் இருக்கிறது. ஆக, உன் ஜிஆர்1 பிறந்த வீடுதான். சிநேகிதி ஒருத்தியிடம் வாங்கி ஒரு சனி ஞாயிறு முழுக்க வைத்துப் பார்த்தேன். 25 சென்டிமீட்டர் வரை கிட்டே போகும். தூரத்தை ஆறு படங்களில் ஒன்றாகத் திருகி வைக்க வேண்டும், பூவிலிருந்து மலை வரை. கட்டைவிரலால் தள்ளி ஃபிலிமை நகர்த்தும் லீவர் உண்டு. பாதி ஃப்ரேம் கேமரா என்பதால் 36 ரோலில் 72 படம். படம் நிமிர்ந்த வாக்கில் விழும். ஃபோனில் பழகிய நீ எஸ்எல்ஆரையே பாதி நேரம் திருப்பித்தான் பிடிக்கிறாய். நெகட்டிவ் சின்னது, படத்தில் புள்ளிப்புள்ளியாகக் குருணை கொஞ்சம் தூக்கலாகத் தெரியும். எனக்கு அது உறுத்தியது, உனக்குப் பிடிக்கலாம். பார்ப்பதற்குப் பிளாஸ்டிக் டப்பா மாதிரிதான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் புதுசு, வாரண்டியோடு. அமெரிக்காவில் அறிமுகமானபோது 500 டாலர். 2022இல் மறுபடி வந்த எம்6இன் உடம்பு மட்டும் 5,295 டாலர், லென்ஸ் தனி. நடுவில் இருக்கும் பணத்துக்கு எத்தனை ரோல் என்று நீயே வகுத்துப் பார். கடனும் வேண்டியிருக்காது.

இவ்வளவு படித்த பிறகும் எம்6தான் வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டால், அது எனக்குப் புரியாததில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து என்னுடையதை எடுத்துப் போ. ஒரு மாதம் வைத்திரு. வரும் வழியில் இரண்டு பட்டன் செல் வாங்கிக்கொள். ஃபிலிம் போட்டதும் லீவரைத் தள்ளும்போது இடது பக்கக் குமிழ் சுற்றுகிறதா என்று பார். சுற்றவில்லை என்றால் ஃபிலிம் பிடிக்கவில்லை, 36 தாண்டியும் எடுத்துக்கொண்டே இருப்பாய். வெயிலில் எங்கே வைத்தாலும் லென்ஸ் சூரியனைப் பார்க்கக் கூடாது. உள்ளே இருப்பது துணி ஷட்டர், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவது போல ஓட்டை விழுந்துவிடும். அதற்காகத்தான் மூடியே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நீ என் அக்கா மகள். லென்ஸைக் கீழே பார்க்கத் தொங்கவிடு, மூடி என்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
சித்தி