சுதா வேலையை விட வேண்டாம், அம்மா

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

வடாம் பார்சலும் அதுக்குள்ள நீ வெச்ச கடிதமும் வந்து மூணு வாரம் ஆச்சு. பதில் போடாம இருந்தது தப்புதான். எல்லாரும் சௌக்கியம். குளிர் மைனஸ் ஆறு. மாவை மேடையில வெச்சா ரெண்டு நாளானாலும் பொங்காது; ஓவனுக்குள்ள வெச்சு லைட்டை மட்டும் போட்டு விட்டா 14 மணி நேரத்துல எழும்பிடுது. அவருக்கு இப்போ வியாழன், வெள்ளி ஆபீஸ் இல்லை. அரைக்கிறது அவர்தான்.

மூணாவது மாடிப் பாட்டியைக் கேட்டிருந்தே. இந்த ஊர்ல 'கேர்வோஹ'ன்னு ஒரு முறை உண்டு. வாரம் ஒரு வீடு மாடிப்படியைக் கூட்டித் துடைக்கணும், பனி விழுந்தா வாசலையும் வழிக்கணும். தன் வாரம் முடிஞ்சதும் பாட்டி ஒரு சின்னப் பலகையை எங்க கதவுல மாட்டிட்டுப் போவாங்க. பலகை யார் கதவுலயோ, வேலை அவங்களுது. யாரும் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். நம்ம வீட்டுக்கும் அப்படி ஒண்ணு வேணும்னு தோணுது.

உன் மருமக சுதா விஷயத்துக்கு வரேன். ஆயாவுக்கு 14,000 போனா அவ கையில என்ன நிக்கும், வேலையை விட்டுடட்டும்னு எழுதியிருக்கே. அந்தக் கணக்கே தப்பும்மா. குழந்தை ரெண்டு பேருக்கும்தானே? ஆயா சம்பளத்தை ரமேஷ் சம்பளத்துல பாதி, அவ சம்பளத்துல பாதின்னு கழிச்சுப் பாரு. பேசிக் 30,000-க்கு பி.எஃப்.ல அவ பங்கு 3,600, கம்பெனி பங்கு 3,600 மாசாமாசம் சேருது. வேலையை விடும்போது கம்பெனி தர்ற கிராஜுவிட்டிப் பணம் அஞ்சு வருஷம் முடிஞ்சாத்தான் வரும். 30,000-ஐ 26-ஆல வகுத்து, 15-ஆல பெருக்கி, திரும்ப 5-ஆல பெருக்கினா 86,500-க்கு மேல வரும். அவளுக்கு பாக்கி 9 மாசம். இப்போ விட்டா அது மொத்தமும் போச்சு. மூணு வருஷம் கழிச்சுத் திரும்ப வேலைக்குப் போனா பழைய சம்பளத்துக்கே கெஞ்சணும். 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற ஆபீஸ்ல குழந்தைக் காப்பகம் வேணும்னு 2017-லயே சட்டம் வந்தாச்சு. முதல்ல எச்.ஆர்.கிட்ட எழுதிக் கேட்கச் சொல்லு.

இங்கயும் இந்தக் கண்கட்டு உண்டு. புருஷனுக்கு மூணாம் வரி வகுப்பு, பொண்டாட்டிக்கு அஞ்சாம் வகுப்புன்னு எடுத்தா, மாசாமாசம் அவன் சம்பளத்துல வரி குறைவாவும் அவ சம்பளத்துல கூடுதலாவும் பிடிப்பாங்க. வருஷக் கடைசியில ரெண்டு பேருக்கும் சேர்த்து வரி ஒண்ணுதான். ஆனா கையில வர்றது குறைவா இருக்கேன்னு அவ வேலையை விடுறா. பிள்ளை பிறந்தா அரசாங்கம் தர்ற பணமும் அந்தக் குறைஞ்ச சம்பளத்தை வெச்சுத்தான்.

ரமேஷ் ஈ.பி. பில் கட்டுறான், கேஸ் புக் பண்றான்னு சொல்றே. அதெல்லாம் எப்ப வேணும்னாலும் போன்ல செய்யலாம். டிபன் பாக்ஸ் ஏழு பத்துக்குக் கட்டியே ஆகணும், அம்பத்தூர் ட்ரெயின் நிக்காது. நேரத்தை நகர்த்த முடியாத வேலையில பாதியை அவன் எடுக்கணும். எடுத்தா முழுசா எடுக்கணும். காலை டிபன் அவன் பொறுப்புன்னா, ராத்திரி ஊறப் போடுறதுல இருந்து பாத்திரம் துலக்குற வரைக்கும். உளுந்து தீர்ந்துபோச்சுன்னு சுதா சொல்ற வரைக்கும் அந்த வேலை அவ தலையிலதான் இருக்கு.

2019-ல நம்ம நாட்டுல நேரக் கணக்கு எடுத்தாங்க. வீட்டு வேலை செய்ற பெண்களுக்கு நாளைக்கு 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. அதுவும் வேலை செய்ற ஆண்களை மட்டும் எடுத்த சராசரி. ஆண்கள்ல நாலு பேர்ல ஒருத்தர்தான் செஞ்சார்.

ரெண்டு பேரும் ஏழு நாள் நோட்டுல அரை மணிக்கு ஒரு வரி எழுதட்டும்: ஆபீஸ், பயணம், வீடு, ஓய்வு. குழந்தையை மடியில போட்டுக்கிட்டு டி.வி. பார்த்தா ஓய்வுன்னு எழுதக் கூடாது. கடைசியில ஓய்வு வரியை மட்டும் கூட்டிப் பாரு.

இங்க ஞாயித்துக்கிழமை கடையும் இல்லை, சத்தமும் இல்லை. நம்ம தெருவுல தண்ணி லாரி வந்து குடமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு இடிக்குமே, அது காதுல கேட்டுக்கிட்டே இருக்கும்மா. வடாம் இன்னும் பொரிக்கலை. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துட்டு மூடி வெச்சிடறேன்.

அப்பா கண் ஆபரேஷன் தேதி சொல்லு. சொட்டு மருந்து யார் எந்த வேளைக்குன்னு முன்னாடியே பிரிச்சுக்குங்க, ராத்திரி வேளை ரமேஷ் பார்க்கட்டும். இந்த மாசப் பணம் 20-ஆம் தேதிக்கு மேலதான் போடுவேன். ஆயாகிட்ட பேசுறதுக்கு முன்னாடி சுதாவை எனக்கு போன் பண்ணச் சொல்லு, உங்க நேரம் ராத்திரி எட்டரைக்கு.

உன்
வசந்தி