முன்பள்ளிப் பிள்ளைகள் தோல் நிற வேறுபாட்டை மதித்துப் பழகக் கற்பிக்குமாறு கோரும் மனு

மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
மாகாணக் கல்வித் திணைக்களம்,
வட மாகாணம்.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

யாழ்ப்பாண நகரை அண்டிய முன்பள்ளி ஒன்றில் பயிலும் நான்கு வயதுச் சிறுமியின் தாயாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது.

கடந்த கலைவிழாவுக்குத் தேவதை வேடம் கேட்ட என் மகளிடம், "நீங்கள் கறுப்பெல்லோ, காகமா வாங்கோ" என்று ஆசிரியை சிரித்தபடி சொல்லியிருக்கிறார். காகமாக அவள் நன்றாகவே ஆடினாள். அன்றிரவு பவுடர்ப் பேணியைக் கவிழ்த்து முகமெல்லாம் அப்பிக்கொண்டு வந்து, "இப்ப தேவதையா வரலாமோ அம்மா?" என்று கேட்டாள்.

ஆசிரியை மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை, பிள்ளை பிறந்த அன்றே "நிறம் எப்படி?" என்று விசாரிக்கும் வீடுகளில்தான் அவரும் நானும் வளர்ந்தோம். (கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை மட்டும் நாம் பெயரைப் பார்த்து ஒதுக்குவதில்லை.)

இலங்கை 1991 இல் ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 2 ஆம் உறுப்புரை, பிள்ளைகளிடையே பாரபட்சம் காட்டக்கூடாத காரணங்களுள் இனம், மொழி, சமயம் ஆகியவற்றோடு நிறத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றது. முன்னைய மூன்றையும் பற்றிப் பாடசாலைகளில் பேசுகின்றோம். நிறத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஆகவே, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சியில் இதற்கென ஓர் அமர்வை ஒதுக்குமாறும், வேடங்களை நிறம் பார்த்துப் பங்கிடுவதையும் "கறுவல்" போன்ற பட்டப்பெயர்களையும் தவிர்க்கும்படி சுற்றறிக்கை அனுப்புமாறும் தங்களை வேண்டுகின்றேன். இப்பாடத்துக்குச் செலவு எதுவும் இல்லை. பிள்ளைகளை வட்டமாக இருத்திக் கைகளை அருகருகே நீட்டச் செய்தால், புறங்கைகள் பல நிறமாகவும் உள்ளங்கைகள் ஏறத்தாழ ஒத்தும் இருப்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவர். மெலனின் என்ற நிறப்பொருள் கூடக் கூடத் தோல் கறுக்கும், அது வெயிலிலிருந்து தோலைக் காக்கும் என்பதை விளக்க, அப்பெயர்கூடத் தேவையில்லை. "தோலுக்குள்ளே ஒரு குடை" என்றாலே நான்கு வயதுக்கு விளங்கும். வரையும்போது இளஞ்சிவப்புப் பென்சிலை "உடம்புக் கலர்" என்று எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் நிற்கவேண்டும். மண்ணிறப் பென்சில்களும் அதே பெட்டியில்தான் இருக்கின்றன.

அடுத்த கலைவிழாவுக்கான ஒத்திகைகள் தொடங்குமுன் இச்சுற்றறிக்கை முன்பள்ளிகளுக்குக் கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.