தயிர் இல்லாத எட்டு மாதங்களில் துணை நின்றவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்லத்தான் நினைத்தேன். பிள்ளையை வைத்துக்கொண்டு அது நடக்கவில்லை. அதனால் இந்த மடல்.

என் மகனுக்கு ஆட்டிசம். மூன்றே முக்கால் வயதில், ஒருவர் சொன்னதைக் கேட்டுப் பாலையும் கோதுமையையும் நிறுத்தினோம். பாலில் உள்ள கேசீன், கோதுமையில் உள்ள குளூட்டன் என்கிற புரதங்கள் போனால் பேச்சு வரும் என்றார். இட்லியும் சோறும் சாப்பிடுகிற வீட்டில் கோதுமையை விடுவது பெரிய காரியமில்லை. ஆனால் என் பிள்ளை வெள்ளையாக இருக்கிற சாப்பாட்டை மட்டும்தான் தொடுவான். இரண்டு வேளை தயிர் சாதம், காலையும் இரவும் பால். அதைத்தான் பிடுங்கினோம். பதிலுக்கு என்ன கொடுப்பது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல் நன்றி சிறப்புப் பள்ளி ஆயாம்மாவுக்கு. ஐந்தாவது மாதம் ஒரு நாள் வாசலில் என்னை நிறுத்தி, "தம்பி இப்பல்லாம் குதிக்கறதே இல்லை, பார்த்தீங்களா?" என்று கேட்டீர்கள். நாள் முழுக்கக் குதித்துக்கொண்டிருந்த பிள்ளை. நின்றுவிட்டதைப் பார்த்து, டயட் வேலை செய்கிறது என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். கால் வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு வார்த்தை இல்லை. ராத்திரியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுததும் படி ஏற மறுத்ததும் அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

குழந்தைகள் டாக்டர் ஐயாவுக்கு அடுத்து. ரத்தத்தில் கால்சியம் சரியாக இருந்ததைப் பார்த்து நாங்கள் எழுந்துவிட்டோம். உட்காரச் சொன்னீர்கள். சாப்பாட்டில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்தாவது ரத்தத்தில் அளவைக் காப்பாற்றும், அதனால் இந்த ஒரு எண்ணை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள் என்று பொறுமையாக விளக்கினீர்கள். வைட்டமின் டி பார்த்ததில் மிகவும் குறைவு. அது இல்லாமல் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது. மருந்து எழுதிக் கொடுத்து, டயட்டீஷியனிடம் அனுப்பினீர்கள்.

டயட்டீஷியன் மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நீங்கள் என்னைத் திட்டவே இல்லை. மூன்று நாள் அவன் சாப்பிட்டதை எழுதச் சொன்னீர்கள். எங்கள் வீட்டு டம்ளரையே கொண்டுவரச் சொல்லித் தண்ணீர் ஊற்றி அளந்தீர்கள், 150 மில்லி. நிறுத்துவதற்கு முன்னால் பாலிலும் தயிரிலும் மட்டுமே அவனுக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் கிடைத்திருக்கிறது. நம் நாட்டுக் கணக்கில் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தேவை 550. நிறுத்திய பிறகு 150கூட எட்டவில்லை. நான் தினம் அரைத்துக் கொடுத்த பாதாம் பாலைப் பெரிதாக நம்பியிருந்தேன். பத்து பாதாமில் 30 மில்லிகிராம்தான் என்று நீங்கள் எழுதிக் காட்டியபோது அழுதுவிட்டேன். நீங்கள் பேனாவை வைத்துவிட்டு நான் முடிக்கும் வரை காத்திருந்தீர்கள்.

அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 75 சிறுவர்களின் எலும்பைப் பார்த்த ஆய்வு ஒன்று 2008இல் வந்தது, சராசரியாக அவர்கள் எலும்பின் தடிமன் இருக்க வேண்டியதைவிடக் குறைவு, பாலை விட்டவர்களுக்கு இன்னும் குறைவு என்றும் அன்றுதான் சொன்னீர்கள். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம். இந்த டயட் வைக்கிற அம்மாக்கள் யாராவது இதைப் படித்தால், பாலை எடுக்கும் அன்றைக்கே ஒரு டயட்டீஷியனைப் பாருங்கள்.

கேழ்வரகில் பாலைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கால்சியம், 100 கிராமுக்கு 340க்கு மேல். ஆனால் என் பிள்ளை ஒரு நாளைக்கு 30 கிராம் மாவு சாப்பிட்டாலே அதிசயம். அதிலும் அது பழுப்பு நிறம். தெரபிஸ்ட் தங்கச்சி, இட்லி மாவில் முதல் வாரம் ஒரு சிட்டிகை, அடுத்த வாரம் இரண்டு என்று ஏற்றச் சொன்னாய். ஒன்பதாவது வாரம் அவன் இட்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், முகர்ந்தான், அப்புறம் தின்றான். அன்று உனக்கு நான் அனுப்பிய போட்டோவில் என் கை நடுங்கியது தெரியும்.

மாவு மில் அண்ணன், முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகை எப்போதும் காலையில் முதல் ஈடாக அரைத்துக் கொடுத்தீர்கள். கோதுமை ஓடிய கல்லில் அரைத்தால் அந்த மாவும் கலக்கும் என்று ஒரே ஒரு முறைதான் சொன்னேன். அதற்காக ஆறு மணிக்கே கடை திறந்த நாட்கள் உண்டு. கூலி கூட்டி வாங்கவே இல்லை.

மருந்துக் கடைத் தம்பிக்கும் நன்றி. புதினா வாசம் அடிக்கிற கால்சியம் சிரப்பை அவன் துப்பியதும், டாக்டரிடம் போனில் கேட்டு வாசமில்லாத மாத்திரையை வரவழைத்தீர்கள். பொடித்துச் சாப்பாட்டோடு கொடுங்கள், அயர்ன் மருந்தோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், கால்சியம் அயர்னை உடம்பில் சரியாகச் சேரவிடாது என்று அட்டையில் எழுதி ஒட்டினீர்கள்.

கடைசியாக எங்கள் அத்தைக்கு. பேரன் கண்ணில் படக்கூடாது என்று எட்டு மாதம் வீட்டில் தயிர் உறையூற்றவில்லை. எழுபது வயதில், தயிர் இல்லாமல் ஒரு வாய் சோறு இறங்காத மனுஷி, ரசத்தோடு எழுந்துவிடுவீர்கள். ஏன் என்று யார் கேட்டாலும் வயிறு சரியில்லை என்பீர்கள்.

டயட்டால் பேச்சில் மாற்றம் எதுவும் தெரியவில்லை என்பதால், டாக்டர் பாலைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார். மூன்று ஸ்பூன் தயிரில் தொடங்கி இப்போது ஒரு கிண்ணம். நேற்று மாலை கட்டிலின் மேல் ஏறி நின்று குதித்தான், கட்டில் கிறீச்சிட்டது, யாரும் அவனை இறக்கவில்லை.

அத்தை, இனி நீங்களும் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
அவனுடைய அம்மா