தூவ வேண்டியது உதிரிப்பூ, மாலை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இறுதி ஊர்வலம் போகும் வழியெல்லாம் மாலைகளைப் பிய்த்து நடுரோட்டில் வீசுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பூக்கட்டுகிறவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்: இது பூவுக்கும் மரியாதை இல்லை, போனவருக்கும் மரியாதை இல்லை.

காம்பை விட்டுப் பூ உதிர்வதுபோல உடலை விட்டு உயிர் போயிற்று. வாசலிலிருந்து சுடுகாடு வரை இதழ் தூவி வழியனுப்புவதற்கு நாங்கள் அறிந்த பொருள் அதுதான். பழந்தமிழ் இலக்கணத்தில் நிலையாமையைப் பாடும் புறத்திணைக்கே காஞ்சி என்று பூவின் பெயர் இருக்கிறது. சுமங்கலியாகப் போனவருக்குத் தலை நிறைய மல்லிகை வைப்பது, பூவும் பொட்டுமாகப் போனார் என்று சொல்ல. (அதே பூவைக் கணவனை இழந்தவளுக்குக் காரியத்தன்று சூட்டிப் பிறகு பறிப்பது கொடுமை. அதை அடியோடு விட வேண்டும்.) கட்டிய மாலையோ உடலுக்குச் செய்யும் மரியாதை. அது மயானம் வரை உடலோடுதான் இருக்க வேண்டும்.

ரோட்டில் விழுந்த சம்பங்கி டயரில் நசுங்கினால் கூழாகி வழுக்கும். வளைவில் பைக் சறுக்க அது போதும். நைலான் நூல் சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும், மாடு தின்றால் வயிற்றில் பந்தாகத் திரளும். அரளி இன்னும் மோசம். இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. காய்ந்தாலும் நஞ்சு போகாது. கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவசம் போர்டு 2024 மே மாதம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்தியது. நாமோ அதை மாடு மேயும் தெருவில் எறிகிறோம்.

2 கிலோமீட்டர் ஊர்வலத்துக்கு 3 முதல் 4 கிலோ உதிரிப்பூ போதும். பன்னீர் ரோஜாவும் செவ்வந்தியும் நல்லது. காம்பு நீக்கி இதழாக உதிர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிக்காதீர்கள், ஈர இதழ் தார் ரோட்டில் ஒட்டிக்கொள்ளும். வண்டியிலிருந்து வாரி இறைக்காமல், ஒருவர் கூடையோடு ஓரமாக நடந்து 20 அடிக்கு ஒரு பிடி தூவட்டும். வளைவிலும் பாலத்திலும் வேண்டாம்.

மாலை சொல்லும்போதே வாழைநாரில் கட்டச் சொல்லுங்கள். காய்ந்த நார் கனம் தாங்காமல் அறும் என்றுதான் பலர் நைலானுக்குப் போனார்கள். நாரை நன்றாக நனைத்து, கனத்த மாலைக்கு இரட்டையாகப் பிடித்தால் அறாது. குளிர்பெட்டிக்குள் மல்லிகை வைத்தால் ஈரத்தில் பழுத்துவிடும். மாலைகளைப் பெட்டியின் மேல் போடுங்கள்.

ஜரிகையும் தெர்மாகோலும் எரிமேடைக்குள் போனால் கரும்புகைதான். மயான வாசலில் மாலைகளைப் போட ஒரு தொட்டியை உள்ளாட்சிகள் வைக்க வேண்டும். தேர் ஜோடனைக் கம்பியையும் குண்டூசியையும் கட்டியவரே பிரித்து எடுத்துப் போகும்படி கூலி பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

பூக்கட்டும் தொழிலாளர்கள் சிலர்,
மதுரை